கணவாயைப் பார்த்த ஆன்டெனா

லேனா கல்மகோஃப் எங்களுக்குத் தேநீர் தரவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. தண்ணீர் கொதிக்க வைக்க அவள் வீட்டில் கெட்டில் இல்லை.

இல்லை என்று சொல்வதும் சரியில்லை. அடுப்புக்கு மேலே ஆணியில் ஒன்று தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அடி கரிந்து, ஓரம் நெளிந்து, மூக்குக்குக் கீழே பற்று விட்டு ஓட்டை விழுந்திருந்தது.

"அதைத் தூக்கிப் போட்டுட்டு கடையில புதுசா ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன். மேஜைக்கு அடியில் மார்ஃபா அக்காவின் பூட்ஸ் என் கால்விரல் மேல் ஏறியது. நிறுத்திக்கொண்டேன்.

மார்ஃபா வஸிலி பதினெட்டு வருஷம் ஊர்க்காவலராக இருந்தவள். இடுப்பு வலியில் அந்த வேலையை விட்டுவிட்டு இப்போது தனியாகத் துப்பறிகிறாள். நான் ரோடெல் பாலிங்கிட். ஆறு கோடைகாலம், மீனை டப்பாவில் அடைக்கிற கேனரி ஆலையில் சால்மனுக்குக் குடல் உருவினேன். அக்காவுக்கு வண்டி ஓட்டுவது, ஏணி ஏறுவது, வாய்க்கு வந்ததைப் பேசுவது என் வேலை. கடைசியாகச் சொன்னதற்குச் சம்பளம் கிடையாது.

"முப்பத்து நாலு நாள் ஆச்சு மார்ஃபா," என்றாள் லேனா. "திங்கக்கிழமை நாப்பதாம் நாள் பிரார்த்தனை. பாதிரியார் படகுல வர்றார். உடம்பு இல்லாமலும் செய்யலாம்ங்கறார். செய்யலாம். அரிசி வேகவைக்கலாம், மெழுகுவத்தி ஏத்தலாம். எந்தப் பக்கம் பார்த்து நின்னு அழறதுன்னு மட்டும் எனக்கு யாராவது சொல்லணும்."

"தேடினாங்களே?"

"ஆறு நாள் தேடினாங்க. கணவாயை சல்லடை போட்டு சலிச்சாங்க. அப்புறம் அங்க பனி இறங்கிடுச்சு, போயிட்டாங்க. இன்னும் பத்து நாள் போனா எல்லாமே உறைஞ்சிடும். ஜூன் வரைக்கும் எதுவும் தெரியாது." அவள் கை மேஜைமேல் இல்லாத ரொட்டித் துகளைப் பெருக்கியது. "அவன் மூஞ்சியை நெனைச்சாலே எனக்குக் கோவம் வருது, தெரியுமா?"

அவன் என்றால் எவோன். அவள் மகன். இருபத்தாறு வயது. எங்கள் செர்னிக் குடாவில் ஒற்றை எஞ்சின் விமானம் ஓட்டியவன். அலாஸ்காவில் சாலை வந்து சேராத ஊர்களுக்கு அதுதான் பஸ், அதுதான் லாரி. செப்டம்பர் ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை, மலைக்கு அந்தப் பக்கக் கிராமத்தில் சரக்கை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பினான். வீட்டுக்கு இரண்டு வழி. கணவாய் வழியாக வந்தால் இருபத்தைந்து நிமிஷம். முனையைச் சுற்றிக் கரையோரமாக வந்தால் ஒரு மணி நேரம்.

"கணவாய் மூடியிருந்தா கரையோரமா வாடா, நேரமானா பரவாயில்லன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன். அன்னிக்கும் சொன்னேன். 'சரிம்மா'ன்னான்," என்றாள் லேனா. "சரின்னு சொல்லிட்டு கணவாய்க்குள்ள போயிருக்கான். அவன் முதலாளி கடையில நின்னு எல்லார் முன்னாடியும் சொல்றான், புத்தி இருக்கறவன் மேகத்துக்குள்ள நுழைவானான்னு. நான் என்ன பதில் சொல்றது? செத்த புள்ளையைத் தினமும் திட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"கணவாய்க்குள்ள போனான்னு யார் சொன்னது?" என்று கேட்டாள் அக்கா.

"யார் சொல்லுவா? ஹால்வர்தான்."

எங்கள் ஊரில் விமானக் கம்பெனிக்கு யாரும் போன் பண்ண மாட்டார்கள். ஹால்வர் நைகார்ட் வீட்டுக்குத்தான் பண்ணுவார்கள். சில நேரம் அவரே பண்ணிவிடுவார். சமையலறையில் ஸ்கேனர் ரேடியோவை வைத்துக்கொண்டு, வானத்தில் பைலட்டுகள் பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். 'உன் ஆள் கணவாய்ல இருக்கான், கெட்டிலை வை' என்பார். தண்ணீர் கொதிக்கும்போது வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்கும். பதினொரு வருஷமாக அது தப்பியதில்லை.

"அன்னிக்கும் பண்ணாரு," என்றாள் லேனா. "நாலே காலுக்கு. வச்சேன்."

ஆணியில் தொங்கிய கெட்டிலை நான் மறுபடி பார்க்கவில்லை.

*

"அக்கா, இதுல துப்பறிய என்ன இருக்கு?" வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டே கேட்டேன். "மலை இருக்கு, மேகம் இருக்கு, பையன் போனான். இதுக்கு நீங்க வேண்டாம், நானே போதும்."

"விழுந்தா தானா கத்தற அபாயப் பெட்டி அந்த விமானத்துல இருந்துச்சா?"

"இருந்துச்சு. கத்தலை. அதுங்க பாதி நேரம் கத்தாதுங்க. எங்க மாமா கல்யாணத்துக்கு வாங்கின மைக் மாதிரி."

"ஆறு நாள், நாலு விமானம், ஒரு ஹெலிகாப்டர். ஒரு தகரத் துண்டுகூடக் கிடைக்கலை. அத்தனை பேரையும் கணவாய்க்கு அனுப்பினது என்ன?"

"ஹால்வரோட வாய்."

"அந்த வாய்க்குச் சொன்னது?"

"அவர் காது."

"அப்போ காதைப் பார்க்கலாம், வா."

*

ஹால்வர் கதவைத் திறந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. எழுபத்தோரு வயது மனிதர். முப்பத்தெட்டு வருஷம் படகிலும் கேனரி மெஷினிலும் கிடந்து இரண்டு விரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். எப்போதும் மழுங்கச் சிரைத்த முகம். இன்று தாடி பத்து நாள் வளர்ந்திருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வா மார்ஃபா," என்றார். என்னைப் பார்த்து, "நீயுமாடா?"

"மழைக்கு ஒதுங்கினேன் பெரியவரே."

"மழை எங்க பெய்யுது?"

"வரும்."

வாசலில் தொடைவரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி தலைகீழாகத் தொங்கியது. உள்ளே சமையலறை. ரொட்டிப் பெட்டிமேல் ஸ்கேனர். அதிலிருந்து ஒரு கறுப்பு வயர் சுவரேறி, ஜன்னல் ஓரத்து ஓட்டை வழியாகக் கூரைக்குப் போனது. பக்கத்தில் போன், ஒரு கனத்த நோட்டு, பென்சில். அவ்வளவுதான் அவர் ஆபீஸ்.

"கணவாய்லதான் இருந்தான்," என்றார் அவர், நாங்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்னால். "போலீஸ்கிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

"தெரியும் அண்ணே. நான் அதைக் கேக்க வரலை," என்றாள் அக்கா. உட்கார்ந்தாள். இடுப்பைப் பிடித்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எனக்கும் ஒரு ஸ்கேனர் வாங்கணும். எந்த ஆன்டெனா போடறதுன்னு குழப்பமா இருக்கு. ஊர்ல உங்களை விட்டா யாரைக் கேக்கறது?"

அக்காவுக்கு ரேடியோவே பிடிக்காது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன்.

ஹால்வரின் முகத்தில் ஏதோ தளர்ந்தது. தெரிந்த விஷயத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் எந்த மனிதனும் கொஞ்சம் நிமிர்வான். இழுப்பறையிலிருந்து ஒரு கேட்டலாக்கை எடுத்தார். தொண்ணூற்றாறாம் வருஷத்தது. ஒரு பக்கத்தில் பென்சில் டிக்.

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ. ரேடியோவுக்கு ஆயிரம் டாலர் குடுத்தாலும் கம்பி சரியில்லேன்னா அது வெறும் பெட்டி. விமானத்து மேல இருக்கற கம்பி நிமிர்ந்து நிக்கும். உன் கம்பியும் நிமிர்ந்து நிக்கணும். டிவி ஆன்டெனா மாதிரி படுக்க வச்சேன்னா பாதி செத்துப்போகும். அப்புறம் உயரம். வீட்டுக்குள்ள வைக்காத, தகரக் கூரை விழுங்கிடும்."

"சரி. எந்தக் கம்பி?"

"ரெண்டு இருக்கு." விரல் குறைந்த கையால் படத்தைத் தொட்டார். "இது குடைக்கம்பி மாதிரி. நடுவுல ஒண்ணு, கீழ நாலு கால். முப்பது டாலர். சுத்தி எல்லாப் பக்கமும் கேக்கும், ரொம்பத் தூரம் கேக்காது. பதினோரு வருஷம் இதைத்தான் வச்சிருந்தேன். இது இன்னொண்ணு. தொண்ணூறு டாலர். நீளமா ஒரு தண்டு, அதுல வரிசையா அஞ்சு கம்பி."

"சால்மன் முள்ளு மாதிரி இருக்கு," என்றேன்.

"அதேதான். முள்ளோட மூக்கு எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் அறுபது, எழுபது மைல் கேக்கும். ஆகஸ்ட்ல மாத்தினேன். கணவாய்க்கு அந்தப் பக்கம் எஞ்சினைக் கிளப்பறவன் தும்மினாக்கூட எனக்குக் கேட்டுது. எல்லாப் பக்கமும் அரைகுறையா கேக்கறதுக்கு ஒரு பக்கம் உருப்படியா கேக்கலாமேன்னு..."

"முதுகுப் பக்கம்?"

"என்ன?"

"முள்ளோட வால் பக்கம் அண்ணே. அங்க கேக்குமா?"

ஹால்வர் கேட்டலாக்கை மூடினார். "அந்தப் பக்கம் என்ன இருக்கு? கடல்தானே," என்றார். அந்த வார்த்தையை அவர் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டவர் மாதிரி இருந்தது.

அக்கா நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அவர் தடுக்கவில்லை. ஒவ்வொரு வரியிலும் நாள், நேரம், யார், என்ன சொன்னார்கள். கடைசியில் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஓர் எண்.

"இந்த நம்பர்?"

"குரல் எவ்வளவு தெளிவுன்னு. அஞ்சுன்னா பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி. ஒண்ணுன்னா கிணத்துக்குள்ள இருந்து."

செப்டம்பர் ஐந்து. அந்த வரியில் பென்சில் அழுத்தி எழுதி, அதன்மேல் மறுபடி எழுதி, தாள் கிழிகிற நிலையில் இருந்தது. '4.10. எவோன். மூட்டம். தாழ்வாக வருகிறேன். வீடு நெருங்கிவிட்டேன். 2.'

அப்போதுதான் ஸ்கேனர் அலறியது.

ஒரு பெண் குரல். முனையைத் தாண்டுகிறேன், ஆயிரத்து ஐந்நூறு அடி, தெற்கே போகிறேன் என்றது. அவ்வளவு தெளிவாக இருந்ததில் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"பெரியவரே, அந்தம்மா உங்க ரொட்டிப் பெட்டிக்குள்ளதான் இருக்காங்களா?"

"செவ்வாய்க்கிழமைத் தபால் விமானம்," என்றார் ஹால்வர். அவர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவின் கையைப் பார்த்தார். "இங்க இறங்காது. கடல் வழியா தீவுகளுக்குப் போகும். வாரா வாரம் ரெண்டு மணிக்கு முனையில பேசும்."

"வாரா வாரம்," என்றாள் அக்கா.

நோட்டின் தாள்கள் மட்டும் சத்தம் போட்டன. அவள் ஆகஸ்டுக்குப் போனாள். பிறகு ஒவ்வொரு தாளாகத் திரும்பி வந்தாள். எனக்கு அந்த நிதானம் தெரியும். கேனரியில் கெட்டுப்போன மீன் ஒன்று எங்கோ இருக்கிறது என்று மூக்குக்குத் தெரிந்துவிட்டால், மேஸ்திரி அப்படித்தான் ஒவ்வொரு தட்டாகத் தூக்குவார்.

"ரோடெல், கூரைக்கு ஏறு."

"என்னத்துக்கு?"

"மழை வரும்னியே, எந்தப் பக்கம் வருதுன்னு பார்த்துட்டு வா."

*

தகரக் கூரை, துருப்பிடித்துச் சிவந்து கிடந்தது. நடுவில் ஓர் இரும்புக் குழாய். அதன் உச்சியில் அந்த சால்மன் முள். அதன்மேல் இரண்டு அண்டங்காக்கைகள் உட்கார்ந்து, வாடகை கொடுக்கிறவர்கள் மாதிரி என்னை முறைத்தன.

"மூக்கு எந்தப் பக்கம் பார்க்குது?" கீழே முற்றத்திலிருந்து அக்கா கத்தினாள்.

பார்த்தேன். எனக்கு வலது கைப் பக்கம் கணவாய், வெள்ளையாக மூடிக்கிடந்தது. இடது கைப் பக்கம் கடல்.

"கடல் பக்கம் அக்கா!"

"காக்கா எந்தப் பக்கம் பேண்டிருக்கு?"

"என்னது?"

"காதுல விழலையா? காக்கா எந்தப் பக்கம் பேண்டிருக்குன்னு கேட்டேன்!"

இதற்காகத்தான் எங்கள் அம்மா என்னைப் பெற்றாள் என்று நினைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

துருத் தகரத்தின்மேல் வெள்ளையாக ஒரு கோடு. தடித்து, காய்ந்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பல வாரத்துக் கழிவு. தண்டின் நீளத்துக்குச் சரியாக இருந்தது. ஆனால் தண்டு அதற்கு மேலே இல்லை. அந்தக் கோடு குழாயிலிருந்து நேராகக் கணவாயைப் பார்த்துக் கிடந்தது. இப்போது தண்டு இருக்கிற இடத்துக்குக் கீழே, கடல் பக்கம், புதுசாகக் கொஞ்சம்தான் விழுந்திருந்தது. குழாயைப் பிடிக்கிற போல்ட்டில் ஸ்பானர் கீறிய தடம் பளபளத்தது.

இறங்கி வந்து சொன்னேன். இம்முறை ஜோக் எதுவும் சேர்க்கவில்லை.

"எவ்வளவு நாளா இருக்கும்?" என்றேன். "பத்து? பதினஞ்சு?"

"நோட்டுலயே இருக்கு," என்றாள். "ஆகஸ்ட் பதினெட்டு ஞாயித்துக்கிழமை முள்ளை மாட்டியிருக்கார். அதுக்கு முன்னாடி எல்லா செவ்வாய்க்கிழமையும் தபால் விமானம் இருக்கு. தெளிவு நம்பர் மூணு, இல்ல நாலு. அதுக்கு அப்புறம் ஆறு செவ்வாய்க்கிழமை விமானமே இல்ல. போன வாரம் திடீர்னு அஞ்சு."

"ஆறு வாரம் அந்தம்மா வரலையா?"

"வந்தா. போன மாசம் ரெண்டு தடவை உன்கூட நின்னு நானே பார்த்தேன். வந்தா, பேசினா. இந்த வீட்டுக்குத்தான் கேக்கலை. முள்ளோட முதுகு அந்தப் பக்கம் இருந்துச்சு." அவள் தன் இடுப்பை அழுத்திக்கொண்டு நின்றாள். "அந்த ஆறு வாரத்துல கணவாய்ல பேசினவன் ஒருத்தன் விடாம எல்லாருக்கும் அஞ்சு போட்டிருக்கார். ஒரே ஒரு ரெண்டுதான் இருக்கு."

எவோனுடைய ரெண்டு.

நான் கணவாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். "அப்படின்னா அவன் கணவாய்லயே இல்ல."

"இருந்திருந்தா இந்தக் காதுல அறைஞ்சிருக்கும். கடல் பக்கம் இருந்திருக்கான். முனையில பேசற தபால் விமானம் முதுகுப் பக்கம் கேக்கவே இல்ல. இவன் குரல் கொஞ்சம் கேட்டிருக்கு. அதனால முனைக்கு இந்தப் பக்கம், ஊருக்குப் பக்கத்துல, தாழ்வா. அபாயப் பெட்டி ஏன் கத்தலைன்னும் புரியுது. தண்ணிக்குள்ள கத்தினா யாருக்குக் கேக்கும்?"

"காயல்," என்றேன்.

"எப்படிச் சொல்ற?"

வாசலில் தொங்கிய பூட்ஸைக் காட்டினேன். "ஊர்க் கடற்கரை கறுப்பு மணல். இதுல ஒட்டியிருக்கறது சாம்பல் களிமண். அது முனைக்கு இந்தப் பக்கம் கரையோரமா இருக்கற நீளமணல் காயல்ல மட்டும்தான் இருக்கு. ஆறு மைல். ஒரு தடவை கால்ல ஏறினா கத்தியால சுரண்டணும். குதிகால்கிட்ட இன்னும் ஈரமா இருக்கு அக்கா. அவர் படகைக் கவுத்து வச்சுட்டு சீசன் முடிஞ்சுதுன்னு ஊரெல்லாம் சொன்னது ஆகஸ்ட்ல."

அக்கா என்னைப் பார்த்தாள். சில நாள் அவள் அப்படிப் பார்ப்பாள். சம்பளம் ஏற்றுவாள் என்று நினைப்பேன், ஏற்ற மாட்டாள்.

*

ஹால்வர் அதே நாற்காலியில் இருந்தார். ஸ்கேனரை அணைத்துவிட்டிருந்தார். அந்த வீட்டில் அது அணைந்து நான் பார்த்ததே இல்லை.

"எப்போ தெரிஞ்சுது அண்ணே?" என்றாள் அக்கா, நின்றபடியே.

அவர் மறுக்கவில்லை. ஒரு நிமிஷம்கூட மறுக்கவில்லை.

"போன மாசம் இருபத்தி நாலாம் தேதி. வெளிய விறகு பொளந்துகிட்டு இருந்தேன். கடல் பக்கம் எஞ்சின் சத்தம். தபால் விமானம்டா, நம்பர் எழுதணுமேன்னு உள்ள ஓடினேன். பெட்டி ஊமையா உக்காந்திருக்கு. கண்ணுக்கு முன்னாடி அங்க பறக்குது, இங்க ஒரு சத்தம் இல்ல." அவர் கை நோட்டின்மேல் போய் நின்றது. "அப்புறம் உக்காந்து புரட்டினேன். நீ புரட்டின அதே மாதிரி. எனக்கு உன் அளவுக்கு நேரம் ஆகலை."

"மூக்கு கணவாயைப் பார்த்து இருக்கு, அதனால காதுல விழறது எல்லாம் கணவாய்ல இருந்துதான்னு நெனைச்சீங்க."

"தொண்ணூறு டாலர் குடுத்தேனே மார்ஃபா." சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை. "நல்ல ஆன்டெனா. நல்லதுன்னு நெனைச்சுத்தான் வாங்கினேன். பழைய கம்பி கூரையில இருந்திருந்தா மூணு போட்டிருப்பேன், எங்க இருக்கான்னு தெரியலைன்னு சொல்லியிருப்பேன். லேனா முதலாளியைக் கேட்டிருப்பா. ரெண்டு பக்கமும் தேடியிருப்பாங்க. ஆறு நாள் அத்தனை பேரும் அங்க மலையில. இவன் இங்க ஆறு மைல்ல..."

நிறுத்தினார்.

"அன்னிக்கே திருப்பினீங்க. கடல் பக்கம்," என்றாள் அக்கா.

"திருப்பினேன். என்ன கேக்கும்னு திருப்பினேன்னு தெரியலை. திருப்பினேன்."

"மறுநாள் படகை இறக்கினீங்க."

"ஆமா."

எனக்குத் தாங்கவில்லை. "பெரியவரே, அந்த முழங்காலை வச்சுக்கிட்டு தனியாவா தேடினீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே. கேனரி ஆளுங்க பத்து பேர் வந்திருப்பாங்க. எத்தனை தடவை போனீங்க?"

"ஏழு."

"ஏழு தடவை தேடியுமா கிடைக்கலை?"

ஹால்வர் என்னைப் பார்த்தார். கண் சிவந்து, வறண்டு இருந்தது.

"தேடறதுக்கு ஒரு தடவைதான் போனேன்டா," என்றார். "கடல் உள்வாங்கற வத்தத்துல விமானத்து வால் வெளிய தெரியும். சிவப்புக் கோடு போட்ட வால். முதல் நாளே பார்த்துட்டேன். மூட்டத்துல தண்ணி எது வானம் எதுன்னு தெரிஞ்சிருக்காது பிள்ளைக்கு. உள்ளதான் இருக்கான். பெல்ட்டு போட்டபடி."

கூரையில் காக்கைகள் நடந்தன.

"மத்த ஆறு தடவை?" என்று கேட்டேன்.

"வத்தம் வரும்போது போய் பக்கத்துல படகுல உக்காந்திருப்பேன். அவன் தனியா இருக்கக் கூடாது பாரு." அவர் நோட்டை மூடினார். "ஒவ்வொரு நாளும் திரும்பி வந்து போனை எடுப்பேன். நம்பரைச் சுத்துவேன். கடைசி நம்பர் வரைக்கும் சுத்துவேன். கணவாய்ல இருக்கான், கெட்டிலை வைன்னு சொன்ன வாய் இது. இதே வாயை வச்சுக்கிட்டு என்ன சொல்றது, நீயே சொல்லு."

நான் அவருக்காக வருத்தப்பட்டேன். அக்கா வருத்தப்பட்டாளோ என்னவோ, காட்டவில்லை.

"பதினாலு நாள் அண்ணே," என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவள் கோபத்தில் மோசமான வகை. "உங்க கூச்சத்துக்கு அவ பதினாலு நாள் குடுத்திருக்கா. அவளைக் கேக்காமயே எடுத்துக்கிட்டீங்க. அங்க அவன் தனியா இருக்கக் கூடாதுன்னு போய் உக்காந்தீங்க. இங்க அவ தனியா உக்காந்து என்ன பண்ணிக்கிட்டு இருந்தா தெரியுமா? அவனைத் திட்டிக்கிட்டு இருந்தா. பேச்சைக் கேக்காம கணவாய்க்குள்ள போயிட்டான்னு. ஊர்ல முதலாளி அவனை முட்டாள்னு சொல்றான், அவ பதில் சொல்ல முடியாம தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறா."

ஹால்வரின் வாய் திறந்தது. அவருக்கு அது தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது. பதினாலு நாள் கடலையே கேட்டுக்கொண்டிருந்த மனிதர் கடைப்பக்கம் போகவில்லை.

"திட்டினாளா?" என்றார். "அவனையா?"

"தினமும்."

"அவன் அவ சொன்னபடிதானே வந்தான். கரையோரமாத்தானே..."

"அதைச் சொல்ல ஊர்ல ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். அவன் காயல்ல போய் உக்காந்துகிட்டான்."

ஹால்வர் நோட்டைத் தள்ளி வைத்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சரைக்கு வத்தம்," என்றார். "பெரிய படகு வேணும். கயிறு, நாலு பேர். இருட்டறதுக்குள்ள முடிக்கலாம்."

"நான் ஆள் கூட்டிட்டு வர்றேன்," என்று எழுந்தேன்.

"இரு," என்றாள் அக்கா. போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "முதல்ல இது."

"நீ பேசு மார்ஃபா. உனக்குப் பேசத் தெரியும்."

"பதினோரு வருஷமா இந்த ஊர்ல பொம்பளைங்களுக்கு யார் போன் பண்ணி ஆள் வர்றதைச் சொன்னது? நானா?"

அவர் ரிசீவரை எடுத்தார். எட்டு விரலில் ஒன்று டயலுக்குள் போனது. ஒவ்வொரு எண்ணாகச் சுற்றினார். கடைசி எண்ணில் விரலை உள்ளே விட்டு நின்றார். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவர் சுற்றிவிட்டார்.

மறுமுனையில் லேனா இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். சமையலறை சின்னது. அவள் குரல் எங்களுக்கும் கேட்டது.

"லேனா," என்றார். "ஹால்வர் பேசறேன்."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார்.

"லேனா, நான் அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன். கணவாய்ல இல்ல. அவன் கணவாய்க்குள்ள போகவே இல்ல. முனையைச் சுத்தி கரையோரமா வந்திருக்கான். நீளமணல் காயல் வரைக்கும் வந்துட்டான். மூட்டம். அங்கதான் இருக்கான். நான் பார்த்தேன். முன்னாடியே பார்த்துட்டேன், உன்கிட்ட சொல்லலை. அதுக்கு நீ என்ன வேணாலும் சொல்லு, அப்புறமா வந்து நின்னு கேட்டுக்கறேன். இப்போ அவனைக் கூட்டிட்டு வரப் போறோம்."

கம்பியில் இரைச்சல் மட்டும். நான் சுவரைப் பார்த்தேன்.

"கரையோரமாவா?" என்றாள் லேனா.

"கரையோரமாத்தான்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. நீ சொன்ன வழியிலதான் வந்திருக்கான்."

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. "சரின்னுதான் சொன்னான்," என்றாள், யாரிடமோ. பிறகு, "எத்தனை மணிக்கு வருவீங்க?"

ஹால்வர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தார். அக்கா குனிந்து அதன் வாய்ப்பக்கம், "ஏழு மணிக்குள்ள லேனா," என்றாள்.

மறுமுனையில் ரிசீவரை மேஜைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. வைத்தாள், துண்டிக்கவில்லை. நாற்காலி தரையில் உரசியது. காலடிகள் நடந்தன. குழாய் திறந்தது. கெட்டில் இல்லாத அந்த வீட்டில், ஏதோ ஒரு பாத்திரத்தில் தண்ணீர் விழுந்து நிறைகிற சத்தத்தை நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.